மன்னிப்பும் இரக்கமும்: எங்கள் ஜெபக்குழுவில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

பல வருஷமாக ஒரு சின்ன ஜெபக்குழுவில் வேதபாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பகுதியை எடுத்தாலும், பாடம் முடிந்து நாற்காலிகளை அடுக்குகிற நேரத்தில்தான் உண்மையான கேள்வி வரும். யாராவது ஒருவர் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார். அப்படிக் கேட்டதில் பெரும்பகுதி மன்னிப்பைப் பற்றியதுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

மன்னிக்கிறதுன்னா என்ன? "பரவாயில்ல, விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறதா?

"பரவாயில்ல" என்பது நஷ்டம் ஒன்றும் இல்லாத இடத்தில் சொல்கிற வார்த்தை. கூட்டத்தில் ஒருவர் தெரியாமல் காலை மிதித்துவிட்டால் சொல்லலாம். மன்னிப்புக்கு அங்கே வேலை இல்லை. எதையோ இழந்திருக்கிறோம், இன்னார் செய்தார், செய்தது தப்பு என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில்தான் மன்னிப்பு என்ற பேச்சே ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஆண்டவர் அதற்குக் கடன் என்ற சொல்லை எடுத்தார்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" (மத்தேயு 6:12). கடனைத் தள்ளுபடி செய்கிறவர் முதலில் தொகை எவ்வளவு என்று பார்க்கிறார். பார்த்த பிறகுதான் தள்ளுபடி செய்கிறார்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் மன்னிப்பதற்கு அதிகமாக வருகிற வினைச்சொல் "அஃபியேமி". விட்டுவிடுவது, கையிலிருந்து போகவிடுவது என்று அர்த்தம். பேதுருவும் அந்திரேயாவும் "வலைகளை விட்டு" அவருக்குப் பின்னே போனார்கள் என்கிற மத்தேயு 4:20-லும் இதே சொல்தான் வருகிறது. தமிழில் நாம் "பொறுத்தல்" என்றும் சொல்கிறோம், அந்தச் சொல்லுக்குச் சுமப்பது என்கிற பொருளும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மன்னிப்பு புரிகிறது: நஷ்டத்தை நான் சுமக்கிறேன், உன்னிடம் வசூலிக்கும் உரிமையை விட்டுவிடுகிறேன்.

இரக்கமும் மன்னிப்பும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல, ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று அதிக தூரம் போகாது. இரக்கத்துக்கு எதிராளி குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவன் நல்ல சமாரியனுக்கு எந்தத் தீங்கும் செய்தவனல்ல. நாயீன் ஊர் விதவையும் இயேசுவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவள் அழுதுகொண்டு இறந்த மகனின் பாடையின் பின்னால் நடந்தாள், அவ்வளவுதான். அந்த இரண்டு இடத்திலும், கெட்ட குமாரன் தூரத்தில் வருவதைத் தகப்பன் பார்த்த இடத்திலும், நம் வேதாகமத்தில் "மனதுருகி" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் குடல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நாம் "வயிறு எரியுது", "அடிவயிறு கலங்குது" என்கிறோமே, அந்த இடத்தில் பிறக்கிற உணர்வு.

பெரிய கடன்பட்ட வேலைக்காரனின் கதையில், மத்தேயு 18:27-ல் ராஜா செய்வதை வரிசையாகப் பாருங்கள். முதலில் "மனதிரங்கி", அடுத்து "விடுதலைபண்ணி", பிறகு "கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்". இங்கேயும் மூலத்தில் அதே குடல் சொல்தான். இந்த வரிசையைப் பார்த்த பிறகு, "எனக்கு மன்னிக்க வரமாட்டேங்குது" என்று சொல்கிறவர்களிடம் நான் மன்னிப்பைப் பற்றிப் பேச்சை எடுப்பதே குறைந்துவிட்டது. அந்த மனிதரை ஒரு மனிதராகக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எத்தனை தடவைதான் மன்னிக்கிறது? ஒரு கணக்கு வேண்டாமா?

இதையேதான் பேதுரு கேட்டார். "ஏழுதரமட்டுமோ?" என்று, தாராளமாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக் கேட்டார். பதில், "ஏழெழுபதுதரமட்டும்". 490 என்று பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆதியாகமம் 4:24-ல் காயீனின் வம்சத்தில் வந்த லாமேக்கு தன் மனைவிகளிடம் பெருமையடிக்கிறான்: காயீனுக்காக ஏழு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு பழி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் லாமேக்கின் எண்ணும் மத்தேயுவில் இயேசு சொன்ன எண்ணும் ஒரே சொற்றொடர். பழிவாங்க ஒருவன் வைத்த கணக்கை எடுத்து ஆண்டவர் மன்னிப்பின் பக்கம் திருப்பி வைத்தார்.

இன்னொன்று. வெவ்வேறு தப்புகளை 70 தடவை மன்னிப்பதைவிட, ஒரே தப்பை 70 தடவை மன்னிக்க வேண்டியிருப்பதுதான் நடைமுறையில் அதிகம். அதைக் கீழே சொல்கிறேன்.

10,000 தாலந்து மன்னிக்கப்பட்டவன் கதை ஏன் அவ்வளவு கடுமையா முடியுது? நான் மன்னிக்கலேன்னா என் இரட்சிப்பே போயிடுமா?

பெரிய கடன் மன்னிக்கப்பட்டவன் சக வேலைக்காரனின் சின்னக் கடனை மன்னிக்காததால், ராஜா அவனை உபாதிக்கிறவர்களிடம் ஒப்புக்கொடுப்பதோடு கதை முடிகிறது. முதலில் தொகையைப் பார்ப்போம். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். சக வேலைக்காரன் இவனுக்குத் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம், அதே கணக்கில் நான்கு மாதக் கூலி. அது சில்லறை இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு மாதச் சம்பளத்தை இழந்தால் யாருக்கும் வலிக்கும். உங்கள் காயம் அற்பமானது என்று ஆண்டவர் அந்தக் கதையில் சொல்லவே இல்லை.

அந்த வேலைக்காரன் ராஜாவிடம் கேட்டது தவணை. "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றான். கிடைத்ததோ தள்ளுபடி. கொஞ்ச நேரத்தில் அவன் காலில் விழுந்த சக வேலைக்காரனும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொல்கிறான், அது இவன் காதில் விழவில்லை. எனக்குத் தோன்றுவது இது: தனக்குக் கிடைத்தது தள்ளுபடி என்று அவன் நம்பவே இல்லை. இன்னும் கட்ட வேண்டும் என்று நினைக்கிறவன்தான் வெளியே போன கையோடு அடுத்தவன் தொண்டையைப் பிடித்து வசூலிப்பான். ராஜாவின் இரக்கம் முன்னால் வருகிறது, எந்த நிபந்தனையும் இல்லாமல் வருகிறது. கிருபைக்கு அங்கே குறைவில்லை. கிருபை ஒருவனுக்குள் இறங்கியதா என்பதைத்தான் அவன் அடுத்தவனை நடத்துகிற விதம் காட்டிக்கொடுக்கிறது.

நீங்கள் மற்றவர்களை மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார் என்கிற மத்தேயு 6:15-ஐ வாசித்துவிட்டு இரவெல்லாம் தூங்காதவர்களை எனக்குத் தெரியும். "மன்னிக்க மாட்டேன், அவன் நாசமாப் போகணும்" என்று முடிவெடுத்தவரும், "ஆண்டவரே, மன்னிக்க முடியலையே" என்று அழுகிறவரும் ஒன்றல்ல. பிந்தையவருக்கு அந்த வசனம் ஒரு மிரட்டல் அல்ல. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை (மாற்கு 9:24) இயேசு திருப்பி அனுப்பவில்லை.

வாயால மன்னிச்சிட்டேன், ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. நான் மாய்மாலக்காரியா?

இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் வீட்டுப் பங்கு விஷயத்தில் என் அண்ணனோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரியத்தை முடித்திருந்தார். அந்த ஒன்பது வருஷமும் நான் ஜெபத்தில் "அவரை மன்னிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தினமும் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை என்றே நினைத்தேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஒரு ராத்திரி, வராந்தாவில் திரும்பியபோது அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி. சட்டை நுனியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. தலை நிறைய நரைத்திருந்தது, அதை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் "சாப்பிட்டியா?" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வயிற்றுக்குள் என்னமோ இளகியது. மனதுருகுவது என்று எழுதியிருப்பது இதைத்தானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பங்கைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து யாரோ அந்த வீட்டுக்குப் புதுச் சாயம் அடித்திருப்பதாகச் சொன்னபோது பழைய எரிச்சல் அப்படியே மேலே வந்தது. மறுபடி மன்னித்தேன். ஏழெழுபது என்பதை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். மனசு பின்னால் வருகிறது, அதன் வேகம் அப்படி. "மன்னிக்கிறேன்" என்று சொன்ன வாய் பொய் சொல்லவில்லை, மனசு வருகிற வழியைத் திறந்து வைக்கிறது. எனவே நீங்கள் மாய்மாலக்காரி இல்லை.

மன்னிச்சா மறந்துடணுமா?

யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பேர் வைத்தார். "என் தகப்பனுடைய குடும்பம் அனைத்தையும் நான் மறக்கும்படி தேவன் பண்ணினார்" என்று அதற்குக் காரணம் சொன்னார் (ஆதியாகமம் 41:51). மறந்துபோனவர் யாராவது மகனுக்கு அப்படிப் பேர் வைப்பாரா? பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் நினைவு வந்திருக்கும். கடைசியில் சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்தும்போதும், "நீங்கள் எகிப்துக்குப் போகிறவர்கள் கையில் விற்றுப்போட்ட உங்கள் சகோதரனாகிய யோசேப்பு நான்தான்" என்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறார்.

"அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று தேவன் சொல்வது (எரேமியா 31:34) ஞாபகமறதி அல்ல. எல்லாம் அறிந்தவருக்கு எது மறக்கும்? அதை எடுத்து நமக்கு எதிராக நீட்ட மாட்டேன் என்கிறார். அதை நாமும் செய்யலாம். சண்டை வரும்போது பழைய பட்டியலை எடுக்காமல் இருக்கலாம்.

அவரு மன்னிப்பே கேக்கல. தப்புன்னே ஒத்துக்கல. நான் ஏன் மன்னிக்கணும்?

வேதத்தில் இதற்கு இரண்டு வசனங்கள் இரண்டு பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கும். லூக்கா 17:3, "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது. மாற்கு 11:25, ஜெபம்பண்ண நிற்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது, அங்கே எதிராளி பக்கத்திலேயே இல்லை. ஒன்று உள்ளே நடக்கிற காரியம், மற்றது இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. உள்ளே விடுவதற்கு நான் யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் அது முழுமையாவதற்கு மட்டும் மற்றவர் வர வேண்டும்.

லூக்கா 15-ல் தகப்பன் மகன் பேசுவதற்கு முன்பே ஓடுகிறார். மகன் பன்றிகளோடு இருந்தபோதே ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தான், அதன் கடைசி வரி "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". வீட்டு வாசலில் அந்த வரி வரவே இல்லை. அதைச் சொல்லுமுன் தகப்பன் வேலைக்காரரை அழைத்து வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மன்னிப்பு அவரிடம் முன்னமே ஆயத்தமாக இருந்தது. ஆனாலும் மகன் எழுந்து வந்த அன்றுதான் அது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. தப்பே செய்யவில்லை என்று நினைக்கிறவரிடம் போய் "நான் உங்களை மன்னிச்சிட்டேன்" என்று அறிவிக்காதீர்கள். அவர் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். நான் ஒரு தடவை அப்படிச் செய்து இருந்த உறவையும் கெடுத்திருக்கிறேன்.

மன்னிச்சிட்டா பழையபடி சேர்ந்துதான் இருக்கணுமா?

மன்னிக்க ஒருவர் போதும், ஒப்புரவாக இரண்டு பேர் வேண்டும். நம்பிக்கை திரும்ப வளர இன்னும் நாள் வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லோரோடும் சமாதானமாயிருங்கள் என்று பவுல் எழுதுகிறார் (ரோமர் 12:18). சில சமயம் கூடாது என்பதும், என்னால் ஆவது ஒரு எல்லை வரைதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

யோசேப்பை மறுபடி பாருங்கள். விற்கப்பட்டபோது 17 வயது, சகோதரர்களைக் கண்டபோது 20 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கண்டவுடனே கட்டிப்பிடிக்கவில்லை. அப்பால் போய் அழுதார், முகம் கழுவினார், திரும்ப வந்து சோதித்தார். பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். தம்பியை விற்க யோசனை சொன்ன அதே யூதா. ஆள் மாறியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு கதவைத் திறந்தார். அப்படியும் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரித்த பிறகு, இனி பழிவாங்குவானோ என்று சகோதரர்கள் பயந்தார்கள், அதைக் கேட்டு யோசேப்பு அழுதார். மன்னிக்கப்பட்டவர்களுக்கும் அதை நம்ப நாளாகிறது.

பவுலும் அப்படித்தான். பாதியில் விட்டுப்போன மாற்குவை அடுத்த பயணத்துக்குச் சேர்க்க மாட்டேன் என்று பர்னபாவோடு கடுமையாகப் பிரிந்தார். பின்னாளில் சிறையிலிருந்து எழுதும்போது, "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார் (2 தீமோத்தேயு 4:11).

வீட்டுல அடிக்கிறாரு. போதகர்கிட்ட சொன்னேன், "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்மா"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. நான் என்ன செய்ய?

முதலில் உங்களையும் பிள்ளைகளையும் அடி விழாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். நம்பகமான ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், சட்டத்தின் உதவியையும் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு நிதானமாகப் பேசலாம், அதற்கு அவசரம் இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த வசனத்தை இப்படிப் பயன்படுத்துகிறவர்கள் அதே அதிகாரத்தின் மேல்பகுதியை வாசிக்கவில்லை. மத்தேயு 18:6-ல் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். 15 முதல் 17 வரை, குற்றம் செய்தவனை எப்படி நேரில் கேட்பது, எப்படி இரண்டு மூன்று சாட்சிகளைக் கூட்டிப்போவது, கேளாமற்போனால் எப்படிச் சபைக்கு அறிவிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறார். ஏழெழுபது அதற்கெல்லாம் பிறகு வருகிறது.

தாவீதைப் பாருங்கள். சவுல் ராஜா அவர்மேல் ஈட்டியை எறிந்தார், தாவீது தப்பி ஓடினார். பிறகு இரண்டு முறை சவுல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கொல்லவில்லை. மன்னிப்புக்கு அதைவிடச் சான்று வேண்டாம். இரண்டாம் முறை சவுல், "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்கிறார், இனிப் பொல்லாப்புச் செய்யமாட்டேன் என்கிறார். தாவீது என்ன செய்தார்? எடுத்து வந்த சவுலின் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் தானே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. "வாலிபரில் ஒருவன் இப்புறம் வந்து அதை வாங்கிக்கொண்டு போகட்டும்" என்று எட்ட நின்றே சொன்னார் (1 சாமுவேல் 26:22). பிறகு தன் வழியே போனார், அரமனைக்குத் திரும்பவே இல்லை. வேதம் அதற்காக அவரை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை.

போலீஸ்ல புகார் கொடுத்தா நான் மன்னிக்கலன்னு ஆயிடுமா?

ஆகாது. ரோமர் 12-ன் கடைசியில் பவுல் பழிவாங்காதிருங்கள் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு அதிகாரத்துக்கு உண்டு என்கிறார். என் கையால் பழிவாங்குவதை விட்டுவிட்டேன் என்பதற்காக நியாயமே நடக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. புகார் கொடுப்பது அடுத்தவருக்கு அதே தீங்கு நேராமல் தடுப்பதாகவும் இருக்கும், அதுவும் இரக்கம்தான்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும், 6 வயது திமோத்தியும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகச் சொன்னார். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. 2011-ல் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸோ மகளோடு பாரிப்பாடாவிலேயே தங்கி, கணவர் பார்த்த தொழுநோயாளர் ஊழியத்தை இன்னும் சில வருஷங்கள் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்தது, மன்னிப்பு அவருடைய வழியில் நடந்தது.

கிறிஸ்தவங்களுக்குக் கோபமே வரக் கூடாதா?

வரலாம். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" (எபேசியர் 4:26). சூம்பின கையுடையவனை ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை இயேசுவே கோபத்துடனே சுற்றிப் பார்த்தார், கூடவே விசனப்பட்டார் என்று மாற்கு 3:5 சொல்கிறது. கொதித்துப்போய் எழுதப்பட்ட சங்கீதங்களும் இருக்கின்றன, 109-ஐ வாசித்துப் பாருங்கள். அதை எழுதியவர் எதிரியிடம் போகாமல் தேவனிடம் போய்க் கொட்டினார். கோபமே வராத மன்னிப்பில், தொகையைப் பார்க்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

இரக்கம் காட்டினா ஏறி மிதிக்கிறாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?

கேட்டதையெல்லாம் கொடுப்பதுதான் இரக்கம் என்று யார் சொன்னது? ஐசுவரியமுள்ள வாலிபனைப் பார்த்து இயேசு "அன்புகூர்ந்து", உடனே அவன் கேட்க விரும்பாததைத்தான் சொன்னார். அவன் துக்கத்தோடு போனான், பின்னால் ஓடி அவர் விலையைக் குறைக்கவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கலாம். மறுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கேலி பேசாதீர்கள், வேறு வழி தெரிந்தால் காட்டுங்கள்.

களைப்பும் பாவமில்லை. சீஷருக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று ஆண்டவர்தான் கூட்டிப்போனார் (மாற்கு 6:31).

தப்பு பண்ணது நான்தான். எப்படி மன்னிப்புக் கேக்கறது?

"உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த "இருந்தா" எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நான் இன்னதைச் செய்தேன், அது தப்பு, உங்களுக்கு இன்ன நஷ்டம் வந்தது என்று சொல்லுங்கள். "ஆனா" என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். பதில் உடனே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கக்கூடியது ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள். அநியாயமாய் எடுத்ததைத் தானாக ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்திலொரு பங்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது லேவியராகமம் 6-ன் சட்டம். இயேசு வீட்டுக்கு வந்தபோது, வரிவசூல் செய்த சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றார். இரக்கம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அவருக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்வதால், ஆராதனைக்கு நேரமாகிறது என்பதும் சாக்கு அல்ல.

தேவன் மன்னிச்சிட்டாருன்னு தெரியுது. என்னையே என்னால மன்னிக்க முடியல.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பு போட்டிருந்தது. யோவான் 18:18, 21:9. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே வருகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு வயிறு என்னவாகியிருக்கும்! மூன்று தடவை மறுதலித்தவரிடம் மூன்று தடவை கேள்வி. மூன்றாம் தடவை அவர் துக்கப்பட்டார். ஆண்டவர் அந்த ராத்திரியை மூடி மறைக்கவில்லை, அதே நெருப்பின் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் சாப்பாடு கொடுத்தார், பிறகு வேலை கொடுத்தார்: "என் ஆடுகளை மேய்ப்பாயாக."

தன்னைத் தானே மன்னிப்பது என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. உங்களுக்கு அது வராவிட்டால் அதற்காகவும் உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். கையில் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருங்கள்.

என்னைக் காயப்படுத்தினவர் செத்துட்டாரு. இப்போ யாரை மன்னிக்கிறது?

ஒப்புரவுக்கான கதவு மூடிவிட்டது, அந்தத் துக்கம் நிஜம், அதற்காக அழ வேண்டும். ஆனால் கடன் பத்திரம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மாற்கு 11:25-க்கு எதிராளி உயிரோடிருக்க வேண்டியதில்லை. அவருக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஆண்டவர் முன்னால் சத்தமாக வாசித்த ஒருவரை எனக்குத் தெரியும். ஆறு பக்கம் இருந்தது. வருஷாவருஷம் மறுபடி எடுத்து வாசித்து, விட்டுவிட முடிந்த வரிகளை அடித்துவிடுகிறார். இப்போது நான்கு பக்கம் மிச்சம்.

எனக்குச் செஞ்சதை நான் மன்னிக்கலாம். என் பிள்ளைக்குச் செஞ்சதை மன்னிக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?

இதுதான் என்னிடம் வந்ததிலேயே கஷ்டமான கேள்வி. உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்தேவான் "இவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும்" என்று ஜெபித்தது தன்மேல் கல் விழும்போது. கடன் யாருக்குரியதோ அவர்தான் தள்ளுபடி செய்ய முடியும். தாய்க்கு நேர்ந்த வலி தாயுடையது, அதை அவள் என்றைக்காவது விடலாம். பிள்ளைக்கு நேர்ந்தது பிள்ளையுடையது. "மன்னிச்சிடு கண்ணு" என்று அந்தப் பிள்ளையை அவசரப்படுத்த பெற்றோருக்கோ போதகருக்கோ எனக்கோ அதிகாரமில்லை. பிள்ளைக்கு இப்போது வேண்டியது பாதுகாப்பும், சொன்னதை நம்புகிற ஒரு ஆளும்.

இதைக் கேட்ட தாயிடம் அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நான் பேசவில்லை. எனக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு பேருமாக 13-ஆம் சங்கீதத்தைத் திறந்தோம். "எதுவரைக்கும்" என்ற கேள்வி முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே நான்கு முறை வருகிறது. அந்த இரண்டையும் அவர் வாசித்தார். அதற்குப் பிறகு நான்கு வசனங்கள் இருக்கின்றன, கடைசியில் பாட்டாக முடிகிறது. "மீதியை இன்னொரு நாள் வாசிக்கிறேன்க்கா" என்று புத்தகத்தை மூடினார். சரி என்றேன்.